இடப்பக்கம் சாய்ந்து படு

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகள் கவிதாவுக்கு,

உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "ஓகேம்மா" என்ற ஒரு சொல்லோடு நீ நிறுத்திக்கொள்கிறாய். வாட்சாப்பில் நான் நீளமாக எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று வந்து சேருகிறது. கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது என்பதால்தான் காகிதத்தை எடுத்தேன். நிதானமாகப் படி, அலுவலகத்தில் வைத்துப் படிக்காதே.

முன்பு சொன்னதையே முதலில் சொல்லிவிடுகிறேன்: உறங்கும்போது இடப்பக்கம் சாய்ந்து படு. இடுப்புக்குக் கீழேயுள்ள இரத்தத்தையெல்லாம் இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய சிரை, முதுகெலும்பின் வலப்பக்கத்தை ஒட்டி மேலேறுகிறது. வயிறு பெருத்தபின் மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை அந்தச் சிரையை நசுக்கும். தன்னிடம் வந்து சேராத இரத்தத்தை இதயத்தால் வெளியே அனுப்ப முடியாது. தாய்க்குத் தலை சுற்றும், பிள்ளைக்குப் போகும் பங்கும் குறையும். உனக்கு இப்போது ஆறாம் மாதந்தான் என்றாலும் இன்றே பழகிக்கொள். இரும்பு மாத்திரையைத் தே தாரிக்கோடு விழுங்காதே; தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. கொய்யாப்பழமோ ஆரஞ்சுச் சாறோ அதற்குத் துணைசெய்யும். மகப்பேறு வார்டில் காலமெல்லாம் வேலை செய்தவளின் மகள் தே தாரிக்கோடு மாத்திரை விழுங்கினாள் என்று யாராவது கேள்விப்பட்டால் எனக்குத்தான் வெட்கம்.

உன் இதயம் இப்போது இருவருக்காக உழைக்கிறது. ஒரு பெண்ணின் உடம்பில் வழக்கமாக 4 முதல் 5 லிட்டர் இரத்தம் இருக்கும். கர்ப்ப காலத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகும். சும்மா உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டரை இறைத்துவந்த இதயம் 7 லிட்டர் வரை இறைக்கத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களை முந்திக்கொண்டு கூடுவதால், கிளினிக்கில் ஹீமோகுளோபின் எண் சற்று இறங்கித் தெரியும். அதைக் கண்டு பதறாதே, ஆனால் மாத்திரையை விடாதே. எல்.ஆர்.டி. ரயில் நிலையப் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று முன்பொரு நாள் சொன்னாயே, அதற்கும் ஓரளவு இதுதான் காரணம். அதன்பின் நீ உன் உடம்பைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

மாப்பிள்ளை போன வாரம் அப்பாவை அழைத்தார். வாடகை, மழை, பூனை என்று பேசிவிட்டு, ஜாலான் துன் ரசாக்கில் உள்ள ஐ.ஜே.என். இதய மருத்துவமனையில் காலை நேரத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்குமா என்று கேட்டாராம். அவரே கோலாலம்பூரில் இருக்கிறார்; பினாங்கில் இருக்கும் அப்பாவிடம் அதைக் கேட்பானேன்? அவர் வேறு ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டிருக்கிறார். அலுவலக நண்பர் யாருக்கோ உடம்பு சரியில்லையாக்கும் என்று அப்பா சொன்னார். நானும் சரி என்றேன். ஆகவே, கவிதா, இனி எழுதுவதைப் பொதுவாகத்தான் எழுதுகிறேன். ஓய்வுபெற்ற தாதி ஒருத்திக்குப் பொழுது போகவில்லை என்று வைத்துக்கொள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வயிற்றுப் பிள்ளையின் இதயத்தைக் கேட்க எங்களிடம் பினார்ட் குழல் ஒன்றே இருந்தது. அகன்ற வாயைத் தாயின் வயிற்றிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் குனிந்து நிற்போம். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்புகள் கேட்கும். நல்ல துடிப்பு என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். அந்தக் குழல் துடிப்பை மட்டுமே சொல்லும், உள்ளே அறைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைச் சொல்லாது. இன்றைய ஸ்கேன் நான்கு அறைகளையும் வால்வுகளையும் இரத்தம் ஓடும் திசையையும் காட்டிவிடுகிறது. அதனால் இந்தக் காலத்துத் தாய்மாருக்கு, நாங்கள் பிரசவம் வரை படாத ஒரு கவலை ஐந்தாம் மாதத்திலேயே வந்துவிடுகிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்பதை நம் வீட்டில் என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை.

கரு உண்டான 22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அது வெறும் குழாய். பின்பு அது மடங்கி, நடுவே சுவர் எழும்பி, எட்டு வாரங்களுக்குள் நான்கு அறைகளாகப் பிரிந்துவிடும். சுவர் எழும்பும் அந்த நாட்களில் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்ற செய்தியே அப்போதுதான் தெரிந்திருக்கும். சில நேரங்களில் சுவரில் ஓர் இடம் மூடாமல் நின்றுவிடுகிறது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு இதயத்தில் ஏதாவதொரு பிறவிக் குறை இருக்கிறது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது கீழறைகளுக்கு இடையிலான இந்த ஓட்டைதான். பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. தாய் கூடுதல் நேரம் வேலை பார்த்ததாலோ, படி ஏறியதாலோ, அன்னாசி தின்றதாலோ சுவர் நின்றுபோவதில்லை. உன் அத்தை என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே.

வயிற்றில் இருக்கும்வரை பிள்ளையின் இரத்தம் நம்முடையதைப் போல ஓடுவதில்லை. நம் உடம்பில் வலது கீழறை இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜனை ஏற்று இடப்பக்கம் திரும்பும் இரத்தத்தை, தடித்த சுவருடைய இடது கீழறை பெருந்தமனி வழியாக உடம்பெங்கும் தள்ளுகிறது. பிள்ளையின் நுரையீரலில் காற்று இல்லை, நீர்தான் இருக்கிறது. ஆக்சிஜன் உன் நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடி வழியாக வருகிறது. உன் இரத்தமும் அதன் இரத்தமும் கலப்பதில்லை. மெல்லிய சவ்வின் இருபுறமும் ஓடுகின்றன. பிள்ளையின் ஹீமோகுளோபின் உன்னுடையதைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதால் உன்னிடமிருந்து இழுத்துக்கொள்கிறது. அப்படி வந்த இரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லாமல் இயற்கை இரண்டு குறுக்கு வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று மேலறைகளுக்கு இடையே ஒருபக்கமாக மட்டும் திறக்கும் கதவு போன்ற துளை. மற்றொன்று நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் சிறு குழாய்.

கருவறையில் இரண்டு கீழறைகளிலும் அழுத்தம் ஏறத்தாழச் சமமாக இருப்பதால், நடுச்சுவரில் ஓட்டை இருந்தாலும் அதன் வழியே பெரிதாக எதுவும் பாய்வதில்லை. அத்தகைய பிள்ளை வயிற்றில் வளர்வதும் உதைப்பதும் தடைபடுவதில்லை. பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது. அங்கே இரத்த ஓட்டத்துக்கு இருந்த தடை இறங்குகிறது. இடது மேலறையில் அழுத்தம் கூடி அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. நூறு பேரில் 25 பேருக்கு அது முழுவதும் ஒட்டுவதில்லை என்றாலும் அவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். அடுத்து வரும் வாரங்களில் வலப்பக்க அழுத்தம் மேலும் இறங்க, ஓட்டை உள்ள பிள்ளைக்கு இடமிருந்து வலமாக இரத்தம் பாயத் தொடங்கும். அப்போதுதான் டாக்டர் காதில் முணுமுணுப்பு ஒன்று கேட்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: சிறிய ஓட்டையின் வழியே இரத்தம் வேகமாகப் பீறிடுவதால் சத்தம் உரக்கக் கேட்கும். சத்தம் பெரிது என்று யாராவது சொன்னால் அதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. தசைப்பகுதியில் இருக்கும் சிறிய ஓட்டைகளில் பெரும்பாலானவை முதல் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மூடிவிடுகின்றன. பெரிய ஓட்டை என்றால் இரண்டாம் மாதத்தையொட்டிப் பால் குடிக்கையில் வியர்க்கும், மூச்சு இரைக்கும், எடை ஏறாது. அதற்கும் மருந்து இருக்கிறது, அறுவைச் சிகிச்சை இருக்கிறது.

இரண்டாவதாகச் சொன்ன அந்தச் சிறு குழாய் வேறு கதை. அது பிறந்த ஓரிரு நாட்களில் தானே சுருங்கி மூடிவிடும்; மூடுவதே முறை. ஆனால் பெருங்குழாய்கள் இடம் மாறி அமைந்த பிள்ளைக்கு உயிர் அந்தக் குழாய் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பிள்ளை முதல் நாள் நன்றாகப் பால் குடிக்கும். எல்லோரும் வந்து பார்த்து, யார் சாயல் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு உதட்டின் நிறம் மாறும். குழாயை மூடவிடாமல் வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து 1970களிலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. நம் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. ஐப்பசியில் நான் எந்த நாளில் படமில்லாமல் விளக்கு மட்டும் ஏற்றுகிறேன் என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி இதற்குமேல் எழுதப் போவதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த விளக்கை நினைத்துத்தான் யாராவது என்னிடம் எதையாவது மறைக்கிறார்கள் என்றால், அது என்னைக் காப்பாற்றுவதாக ஆகாது. கணக்கில் ஒரு சென் குறைந்தாலும் மூன்று நாள் தோண்டிக் கண்டுபிடிக்கும் தணிக்கையாளர் நீ. உன் கம்பெனியில் உன்னை எப்படி மதிக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொல்லும்போதெல்லாம் நான் அதைப் பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டுத்தான் ஓய்வேன். அவ்வளவு கூர்மையான பெண், தன் தாயின் மனம் எதைத் தாங்கும் எதைத் தாங்காது என்பதை மட்டும் ஏன் இப்படித் தப்பாகக் கணக்குப் போடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

நான் படித்தவற்றுள் மறக்க முடியாத ஒன்றை எழுதுகிறேன். 1954ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் வால்டன் லில்லெஹை என்ற அறுவை மருத்துவர், கீழறைச் சுவரில் ஓட்டையுடன் பிறந்த ஓராண்டுக் குழந்தையின் இதயத்தைத் திறந்து தைத்தார். இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைத் தாங்கும் இயந்திரத்தை அதற்கு முந்திய ஆண்டு கிப்பன் என்பவர் ஒரு பெண்ணிடம் வெற்றிகரமாகப் பயன்படுத்தியிருந்தாலும், அது இன்னும் நம்பத்தக்கதாகியிருக்கவில்லை. ஆகவே குழந்தையின் தந்தையைப் பக்கத்து மேசையில் படுக்கவைத்து, அவருடைய இரத்தக் குழாய்களைக் குழந்தையின் குழாய்களோடு இணைத்தார்கள். மகனின் இதயத்துக்குள் மருத்துவர் தைத்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் தந்தையின் இதயமும் நுரையீரலுமே அவனுக்கும் உழைத்தன. அந்தக் குழந்தை அறுவையைத் தாங்கியது. பதினோராம் நாள் நிமோனியா கொண்டுபோயிற்று. தைத்த இடம் மட்டும் பிரியாமல் இருந்ததாம். அவர் அதோடு நிறுத்தவில்லை; அடுத்த ஆண்டுக்குள் அதே முறையில் 45 பேருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய, பாதிக்கு மேற்பட்டோர் வீடு திரும்பினார்கள். பக்கத்து மேசையில் படுத்தவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தாம். இன்று யாரும் அப்படிப் படுக்க வேண்டியதில்லை. படுக்க வேண்டியிருந்தால் நம் வீட்டில் எத்தனை பேர் போட்டி போடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். உன் அப்பாவுக்கு இரத்த அழுத்தம், அவரைச் சேர்க்க மாட்டார்கள்.

1989இல் அப்போதைய பிரதமர் மகாதீர் வெளிநாடு போகாமல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலேயே பைபாஸ் செய்துகொண்டபோது வார்டில் நாங்கள் அதைப் பற்றி நாள் கணக்கில் பேசினோம். ஐ.ஜே.என். 1992இல் வந்தது. பிறவி இதயக் குறையுள்ள பிள்ளைகளுக்கு அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. அதனால் அங்கே யார் போனாலும், அலுவலக நண்பராகவே இருந்தாலும், கேட்க வேண்டியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல். ஓட்டை சுவரின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அதன் அளவு என்ன, நான்கு அறைகளும் சரியான அளவில் வளர்கின்றனவா, பெருங்குழாய்கள் இரண்டும் உரிய அறைகளிலிருந்து கிளம்புகின்றனவா, பிரசவம் எந்த மருத்துவமனையில் நடந்தால் நல்லது. கடைசிக்கு முந்திய கேள்வியை இரண்டு முறை கேட்கச் சொல். பிள்ளை பிறந்தபின் வீட்டுக்கு அனுப்பும் முன், வலக் கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவைப் பார்த்தார்களா என்று கேட்கச் சொல். வலியில்லாத சோதனை, சில நிமிட வேலை. டாக்டர் சொல்வதை உடனே எழுதிக்கொள்ள வேண்டும். அந்த அறையில் கேட்பது கார் நிறுத்தும் இடத்துக்கு வருவதற்குள் மறந்துவிடும். எத்தனையோ தாய்மாரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறேன். எதற்கென்று நீ கேட்காதே. பால்குடம் எடுப்பேன், படியும் ஏறுவேன். என் முழங்காலைப் பற்றிப் பேச வேண்டாம்.

பட்டர்வொர்த்தில் காலை ஈ.டி.எஸ். ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள்ளாகவோ சற்றுக் கூடியோ கே.எல். சென்ட்ரல் வந்துவிடலாம். அப்பா நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறார். நான் உள்ளே வந்து டாக்டரிடம் பேச மாட்டேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், உன் கைப்பையை வைத்துக்கொள்வேன். எந்தத் தேதி என்பதை மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லி அப்பாவுக்குத் தெரிவிக்கச் சொல். டிக்கெட் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, முக்கியமாகப் பள்ளி விடுமுறையில்.

அன்புடன்,
அம்மா