தேதி போடாத பொட்டலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வண்ண மீன் வளர்ப்புக் கட்டுரையைப் படித்தேன். தொட்டி வைப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். குஞ்சுகளுக்கான தீனிக்கு மட்டும் இரண்டே வரி. 'இறால் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டால் மறுநாள் பொரிந்துவிடும், அப்படியே தொட்டியில் ஊற்றலாம்' என்று முடித்துவிட்டார்கள். இதே பேச்சை நம்பி ஒரு மாதம் திண்டாடியவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், இது நாம் தொக்கு வைக்கும் இறாலின் முட்டை இல்லை. ஆர்ட்டீமியாவின் முட்டை. ஆர்ட்டீமியா என்பது உப்பு ஏரியிலும் உப்பளத்திலும் வாழும் வேறொரு உயிரி. வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். தூத்துக்குடி உப்பளங்களிலேயே உண்டு. ஆணே இல்லாமல் பெண்கள் மட்டுமே பெருகும் இனம்கூட அங்கே இருக்கிறது. ஆனால் கடைகளில் விற்கும் முட்டையில் கணிசமான பகுதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பு ஏரியிலிருந்து டப்பாவில் அடைத்து வருவது. நம் கிழக்குக் கடற்கரையில் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் நடத்துகிறவர்களுக்கு இது அன்றாடச் சரக்கு. மீன் வளர்க்கும் நமக்கு, கடைக்காரர் அந்த டப்பாவைத் திறந்து சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலமாகப் போட்டுத் தருகிறார். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் வீட்டுச் சண்டை மீன் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தபோது அப்படி ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். காபித்தூள் நிறத்தில் பொடி. தேதி இல்லை, பெயர் இல்லை. உப்புத் தண்ணீரில் போட்டு, ஏர் பம்ப் வைத்து, ராத்திரி இரண்டு முறை எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன். காலையிலும் பொடி பொடியாகவே இருந்தது. கடையில் கேட்டால், "தண்ணி சரியில்ல சார், கல்லுப்பு போடுங்க" என்றார். கல்லுப்பு போட்டேன். கேன் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாவது பொட்டலம் வாங்கினேன். இதற்குள் அறுபது எழுபது இருந்த குஞ்சுகள் பதினொன்றாகிவிட்டன. தூள் தீனியை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அசைந்தால்தான் அந்த வயதுக் குஞ்சுக்கு அது சாப்பாடு.

அப்புறம் மரக்காணம் பக்கம் ஒரு பொரிப்பகத்தில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன், அன்றைக்குத் திறந்த டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். அதே பாட்டில், அதே உப்பு, அதே தண்ணீர். மறுநாள் காலை பாட்டில் முழுக்கப் பொரிந்த குஞ்சுகள் ஆரஞ்சுப் புகை மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. என் கையில் குறையில்லை, பொட்டலம்தான் செத்த பொட்டலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காரணம் இதுதான். நல்ல உலர்ந்த நிலையில் இந்த முட்டைக்குள் உயிர் அப்படியே உறங்கும். காற்றுப் புகாத டப்பாவில் வருஷக்கணக்கில் கெடாது. லென்ஸில் பார்த்தால் காற்றுப்போன பந்து மாதிரி ஒரு பக்கம் குழிந்திருக்கும். தண்ணீரில் போட்ட ஓரிரு மணி நேரத்தில் உப்பி உருண்டையாகிவிடும். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் முட்டை கொஞ்சம் ஈரம் குடிக்கும், பொரிக்கிற அளவுக்குப் போதாது, உள்ளே இருக்கும் சத்து வீணாகக் கரையும். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

நான் பொரிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டிவிட்டுத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். குளோரின் போக ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீர், லிட்டருக்கு 25 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. அயோடின் உப்பு ஆகாது என்பார்கள். அவசரத்துக்குச் சமையல் உப்பிலேயே பொரித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. முட்டை அரை கிராம் போதும். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும், ஆசைப்பட்டு அள்ளிப் போடாதீர்கள். ஏர் குழாய் அடிமுனை வரை போக வேண்டும், முட்டை எங்கும் தேங்காமல் கொதிப்பது போல் சுழல வேண்டும். பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். 27, 28 டிகிரி சூட்டில் ஒரு நாளில் பொரிந்துவிடும். சென்னையில் ஹீட்டர் தேவையில்லை, மார்கழியில் மட்டும் இன்னும் அரை நாள் கூடுதலாகப் பிடிக்கும்.

பொரிந்ததை 'அப்படியே ஊற்றலாம்' என்பதுதான் கட்டுரையின் பெரிய தப்பு. ஏர் பம்பை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டால் வெறும் ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாதவை அடியில் படியும். பாட்டிலின் கீழ்ப்பக்கத்தில் டார்ச் வைத்தால் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து கும்பலாகக் கூடும். அந்த இடத்தில் மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். வடிகட்ட டீ வடிகட்டி உதவாது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத குஞ்சு, ஓட்டை வழியே ஓடிவிடும். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுகிறேன். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிய பிறகே தொட்டிக்கு. ஓடு மீன் குஞ்சுக்குச் செரிக்காது. உப்புத் தண்ணீரைத் தினமும் ஊற்றினால் தொட்டி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொரிந்த அன்றே போட்டுவிட வேண்டும். முதல் சில மணி நேரம் அவை எதுவும் தின்னாமல் கூடப் பிறந்த மஞ்சள் கருவில்தான் வாழ்கின்றன. நேரம் ஆக ஆகச் சத்து குறையும். நல்ல தண்ணீரில் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், மிஞ்சினால் செத்து நாறும். சரி, அளவு எப்படித் தெரியும்? போட்ட ஐந்து நிமிஷத்தில் சண்டை மீன் குஞ்சின் கண்ணாடி வயிறு ஆரஞ்சு நிறமாகிவிடும். எல்லா வயிறும் நிறம் மாறியதும் நிறுத்திக்கொள்ளலாம். அந்த நிறத்தை முதல் தடவை பார்த்த அன்று அலுவலகத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டப்பாவைத் திறந்த தேதியையும், டப்பாவில் அச்சடித்திருக்கும் பொரிப்புச் சதவீதத்தையும் பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதினால் போதும். ஊறுகாய்ப் பாக்கெட்டுக்கே தேதி பார்த்து வாங்குகிறோம். வாங்குகிறவர்களும் மொத்தமாக வாங்காமல், ஒரு சிட்டிகையைப் பொரித்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு வாங்கலாம். மிச்சத்தை இறுக்கமான டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். மேலே பெயர் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருநாள் அது மிளகுத்தூள் என்று ரசம் வரைக்கும் போய்த் திரும்பியது.

மீன் ஜோடி சேர்க்கும் முன்பே ஒருமுறை முட்டையைப் பொரித்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியை அடுத்த இதழில் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை