எப்படி அறுத்தது என்று அட்டையில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழில் எங்கள் பகுதியில் நடந்த கைவினைக் கண்காட்சி பற்றிய செய்தி வந்திருந்தது. கூடவே வெளியான படத்தின் கீழே "கையால் செதுக்கிய மரக் கோலங்கள்" என்று அச்சாகியிருந்தது. அந்தக் கண்காட்சியில் மூன்று நாளும் நான் இருந்தேன். படத்தில் உள்ள கடைக்கு நேர் எதிர்க்கடை என்னுடையது. அந்தக் கோலங்கள் கையால் செதுக்கியவை அல்ல. அறுத்த மரமும் அல்ல. மர நாரையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் லேசர் இயந்திரம் வெட்டியவை. செய்தி எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கடையில் தொங்கிய அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதை நம்பி எழுதியிருக்கிறார். அந்த அட்டையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் அஞ்சலகத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து 2019இல் ஓய்வு பெற்றவள். அடுத்த ஆண்டு ஊரடங்கில் வீட்டோடு இருந்தபோது ஸ்க்ரோல் சா என்னும் மேசை வாள் ஒன்றை வாங்கினேன். தையல் இயந்திரம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஊசி இருக்கும் இடத்தில் 5 அங்குல நீளத்தில், தடித்த நூல் அளவுக்கு ஒரு பிளேடு. மோட்டார் அதை நிமிடத்திற்கு 400 முதல் 1600 முறை வரை மேலும் கீழும் இழுக்கும். பிளேடு நின்ற இடத்திலேயே நிற்கும். மரத்தைத்தான் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். துணியைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான். கோடு எங்கே வளைகிறதோ அங்கே நம் மணிக்கட்டும் வளைய வேண்டும்.

எங்கள் காரைக்குடியில் மரத்திற்குக் குறைவில்லை. நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலில் கொண்டுவந்த தேக்கு இங்கே வீடு வீடாக நிற்கிறது. பாகப்பிரிவினையாகி ஒரு வீடு இடிபட்டால், தூணும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். உடைந்த மச்சுப் பலகை, சன்னல் சட்டத் துண்டு போன்றவற்றை யாரும் சீந்துவதில்லை. அவற்றைத்தான் நான் எடைக்கு வாங்குகிறேன். நூறு வயதான பலகை வெளியே கரியைப் போல் இருக்கும். ஒரு முறை இழைப்புளி ஓட்டினால் தேன் நிறம் எழும்பி வரும். எண்ணெய்ப் பசையோடு ஒரு மணமும் வரும். அந்த மணத்திற்காகவே இந்த வேலையைச் செய்கிறேன் என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பழைய தேக்கு லேசில் இடம் கொடுக்காது. அதற்குள் இயற்கையாகவே சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள், கலந்திருக்கிறது. பிளேடின் பல்லை அது தேய்த்துவிடும். அரை அங்குலப் பலகையில் ஒரு பிளேடு அரை மணி நேரம் தாங்கினால் அதிகம். தலை ஒடிந்து உள்ளே புதைந்துபோன ஆணி ஏதாவது இருந்தால் அந்த நொடியே ஒடியும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை வைத்திருக்கிறேன். பலகை முழுவதும் அதைத் தடவிப் பார்க்காமல் எதையும் அறுப்பதில்லை. பிளேடின் இறுக்கத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெரு ஆசாரி. நகத்தால் சுண்டினால் வீணைத் தந்தி போல 'டிங்' என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் பிளேடு தளர்ந்திருக்கிறது, அறுப்பு சாய்ந்துவிடும் என்றார். ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் சுண்டித்தான் பார்க்கிறேன்.

நான் அதிகம் செய்வது சிக்குக் கோலம். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி. ஒன்பது அங்குலச் சதுரம். கோலத்தின் இழை மட்டும் மரமாக நிற்கும். மற்ற இடமெல்லாம் திறப்பு. 25 புள்ளிகளைச் சுற்றி 25 கண்கள், நான்கு நான்கு புள்ளிகளுக்கு நடுவில் 16 கண்கள், ஆக 41 திறப்புகள். ஒவ்வொன்றுக்கும் முதலில் சிறு துளை போட வேண்டும். பிறகு பிளேடின் மேல்முனையைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, இறுக்கி, சுண்டிப் பார்த்து, உள்பக்கம் சுற்றிலும் அறுத்து, மறுபடி கழற்ற வேண்டும். இப்படி 41 முறை. கழற்றி மாட்டுவதற்கே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அறுப்புக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மாதிரித் தாளை ஒட்டுவது, துளை போடுவது, ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் உப்புத்தாளை மடித்து விட்டுத் தேய்ப்பது, கடைசியில் ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைப்பது எல்லாம் சேர்ந்தால் ஒரு கோலத்திற்கு ஐந்து மணி நேரம்.

இந்தக் கோலத்தில் புள்ளிகள் இருக்காது. இழையை விட்டு மற்றதை அறுக்கும்போது புள்ளி நிற்பதற்குப் பிடிமானம் இல்லாமல் கழிவோடு கீழே விழுந்துவிடும். எங்கள் தெருவில் மார்கழியில் பெரிய கோலம் போடும் ஒரு பாட்டி என் பலகையைக் கையில் வாங்கி, வெற்றிடங்களுக்குள் விரலை வைத்து "இங்கே ஒன்று, இங்கே ஒன்று" என்று 25 புள்ளியையும் எண்ணிக் காட்டினார். நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்த பலகை அது. அதை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிளேடு ஒரு டஜன் 300 ரூபாய். ஒரு கோலத்திற்கு நான்கு பிளேடு, 100 ரூபாய். மரம் 60. உப்புத்தாள், பசை, எண்ணெய் எல்லாம் 40. ஆக 200 ரூபாய்ச் செலவு. நான் 450 ரூபாய்க்கு விற்கிறேன். ஐந்து மணி நேர வேலைக்கு 250 ரூபாய் நிற்கிறது. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, இதை வைத்து அடுப்பு எரிய வேண்டிய நிலை இல்லை. அதனால் இந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது. இதையே பிழைப்பாகச் செய்கிறவர்களுக்கு அது கட்டாது.

எதிர்க்கடையில் அதே அளவுக் கோலம் 120 ரூபாய். அதன் மேல் "கைவினை, அசல் மரம், கையால் செய்தது" என்று அட்டை. என் பலகையை ஆசையாக எடுத்துப் பார்த்த பெண்கள் பலரும் எதிரே கை காட்டி, "அங்கேயும் இதேதான், 120தானே, நீங்கள் மட்டும் ஏன் இப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஏமாற்றுக்காரியைப் பார்ப்பது போல ஓர் அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் போனார். விற்காமல் போனது எனக்குப் பெரிதில்லை. அந்தப் பார்வை இன்னும் உறுத்துகிறது.

லேசரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் வரைகிறவர்களிடமும் திறமை இருக்கிறது. குறைந்த விலையில் அழகான பொருள் கிடைப்பதும் நல்லதுதான். "எம்.டி.எஃப், லேசர் வெட்டு, 120 ரூபாய்" என்று எழுதியிருந்தால் நானே ஒன்று வாங்கியிருப்பேன். பொய்யை எழுதித் தொங்கவிட்டு, உண்மையைச் சொல்கிறவரைப் பொய்யராக்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வாசகர்கள் தெரிந்துகொள்வதற்காக இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் வேறு எதையாவது வெட்டுங்கள், இந்தப் பத்தியை விட்டுவிடாதீர்கள். மரப்பொருளை வாங்கும்போது அதன் மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டைப் பாருங்கள். லேசர் என்பது சூட்டால் எரித்து வெட்டுவது. அறுபட்ட ஓரம் கரும்பழுப்பாகத் தீய்ந்திருக்கும், விரலை ஓட்டினால் சில சமயம் கரி ஒட்டும், முகர்ந்தால் தீய்ந்த வாடை வரும். வாளால் அறுத்த ஓரம் மரத்தின் நிறத்திலேயே இருக்கும். மிக நுண்ணிய பல் தடமும் தெரியும். அசல் மரமாக இருந்தால் மேலே ஓடும் ரேகை ஓரத்தில் இறங்கித் தொடரும். எம்.டி.எஃப்பின் ஓரத்தில் ரேகையே இருக்காது, பிஸ்கட்டை உடைத்த மாதிரி ஒரே சீராக இருக்கும். அதன் மேல் தேக்கு ரேகை அச்சிட்ட தாளை ஒட்டியும் விற்கிறார்கள். அப்போது இரண்டு துண்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே சுழி ஒரே இடத்தில் இருந்தால் அது அச்சு. இரண்டு பலகையில் ஒரே ரேகையை எந்த மரமும் தராது.

பெயர்ப் பலகையில் இன்னொரு கேடு நடக்கிறது. தமிழ் மெய்யெழுத்தின் புள்ளி தனியே மிதப்பது. எழுத்தை வெட்டி எடுத்தால் புள்ளி கையோடு வராது. தனியாகச் செய்து பதிக்க வேண்டும். நான் எழுத்தின் தலைக்கு மேல் அளந்து குறித்துப் பித்தளைக் குமிழாணி அடிக்கிறேன். இயந்திரத்தில் மொத்தமாக வெட்டுகிறவர்கள் சிலர் புள்ளியையே விட்டுவிடுகிறார்கள். "முருகன இலலம" என்று ஒரு வீட்டு வாசலில் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கிய பலகையில் ஒரு குடும்பத்தின் பெயர் அப்படி நிற்பதைப் பார்த்து மனம் ஆறவில்லை.

கண்காட்சி நடத்தியவர்களிடம் இரண்டாம் நாளே போய்ச் சொன்னேன். "இங்கே கடை போட்ட எல்லோரும் கைவினைஞர்கள்தான் அம்மா, உங்களுடையதும் மின்சார இயந்திரம்தானே" என்றார்கள். அந்தக் கேள்வியின் இரண்டாம் பாதி நியாயமானது. அன்று மாலை தம்மம்பட்டியிலிருந்து வந்திருந்த சிற்பியின் கடையில் போய் உட்கார்ந்தேன். புவிசார் குறியீடு பெற்ற ஊரின் வேலை அது. வாகைக் கட்டையைக் காலால் பிடித்துக்கொண்டு, உளியும் கொட்டாப்புளியுமாக ஒரு குதிரையின் கழுத்தை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் வேலைக்கு முன்னால் என்னுடையதைக் "கையால் செதுக்கியது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லவும் கூடாது. அதனால் என் அட்டையையும் அன்றே திருத்தினேன். "கைவேலை" என்று மட்டும் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மின் வாளின் பெயரையும் சேர்த்தேன். பிள்ளைகளுக்காகத் தமிழ்நாட்டு வரைபடப் புதிர் ஒன்றும் செய்கிறேன். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் வரைபடக்காரர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைக் கோடுகளின் வழியே அறுத்து விற்ற அதே முறைதான். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது என் படத்தையும் திருத்தி மாவட்டங்களை 38 ஆக்கினேன். அது தேக்கு இல்லை, ஆறு மில்லிமீட்டர் பிளைவுட். அதையும் அட்டையில் எழுதினேன். படித்துவிட்டுச் சிலர் வைத்துவிட்டுப் போனார்கள், பலர் வாங்கினார்கள்.

துணியில் இந்த ஒழுங்கு எப்போதோ வந்துவிட்டது. கைத்தறி வேறு, விசைத்தறி வேறு என்று பிரித்துக் காட்ட 2006 முதல் கைத்தறி முத்திரை இருக்கிறது. எங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. விசைத்தறிச் சேலையை அடியோடு யாரும் தடை செய்யவில்லை. கைத்தறி என்று சொல்லி விற்காதே என்கிறோம். மரத்திற்கும் அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டும். முத்திரை, சட்டம் என்று பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. கண்காட்சிக்கு இடம் ஒதுக்கும் படிவத்திலேயே "என்ன பொருள், எந்தக் கருவி" என்று இரண்டு வரி கேட்கலாம். விற்பவர் எழுதிக் கொடுத்ததையே பெரிய எழுத்தில் கடை முகப்பில் தொங்கவிடலாம். செய்தி சேகரிக்க வருகிறவர்களும் படம் எடுக்கும் முன் அந்த இரண்டு கேள்வியைக் கேட்கலாம்.

அடுத்த கண்காட்சிக்கு என் அட்டைகளை எழுதி வைத்துவிட்டேன். கோலத்தின் பின்னால் இப்படி இருக்கும்: "இடித்த வீட்டின் பர்மா தேக்கு. மின் மேசை வாளில், மரத்தைக் கையால் திருப்பி அறுத்தது. 41 திறப்பு. 450 ரூபாய்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
காரைக்குடி.