அப்பாவின் கொப்பியில் விடுபட்ட 28 வரிகள்

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. சோதனை நெருங்குவதால் இணைந்த கணித வகுப்பு இரவு ஒன்பது வரை இழுக்கிறது, அதுதான் தாமதம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. நீ எழுதியதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும். அதனால் சுகம் விசாரிப்பை ஒரே மூச்சில் முடிக்கிறேன். இங்கே எல்லாரும் நலம். வெள்ளவத்தைக் கடல் இந்தக் காற்றில் தண்டவாளம் வரை வந்து எட்டிப் பார்க்கிறது. சரி.

உன் அப்பாவைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மார்கழியில் இருந்து மேசையை விட்டு எழும்பாமல் 1, 2, 3, 4, 5, 6 என்று இலக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார், லொத்தர்ப் பைத்தியமா, மறதி வருகிறதா, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நீ ஞாயிறு ஷிஃப்டுக்குப் போன நேரம் பார்த்து மூன்று முறை அவரோடு கதைத்தேன். உனக்குச் சொல்லாமல் கதைத்ததற்குக் கோபிக்காதே. என்ன எழுதுகிறார் என்று யாராவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

கனடாவின் 6/49 லொத்தரில் 1 முதல் 49 வரை ஆறு இலக்கம் எடுக்கலாம் அல்லவா? அப்படி வரக்கூடிய எல்லாச் சேர்மானங்களையும் அவர் வரிசையாக எழுதி வருகிறார். 1, 2, 3, 4, 5, 6 முதல் வரி. அடுத்தது 1, 2, 3, 4, 5, 7. ஒவ்வொரு வரிக்கும் தொடரிலக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் திகதி. கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் பார்சல் கந்தோரில் முப்பது வருடம் பேரேடு எழுதிய கை, எடி! நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய முப்பது வரி. மொத்தம் 13,983,816 வரி. இந்த வேகத்தில் போனால் 1,276 வருடம் வேண்டும். சொன்னேன். "தெரியும் பிள்ளை, நானும் பிரிச்சுப் பாத்தனான்" என்றார்.

ரிக்கெட் கிழமைக்கு ஒன்றுதான் வாங்குகிறாராம். எந்த வரி நல்ல வரி என்று என்னிடம் அவர் ஒருநாளும் கேட்கவில்லை. எல்லா வரிக்கும் ஒரே வாய்ப்பு என்று எனக்கே விளங்கப்படுத்தினார். அந்தப் பயத்தை நீ விட்டுவிடலாம்.

மறதிப் பயம்தான் என்னையும் பிடித்துக்கொண்டது. முதல் ஞாயிறு, எந்த வரியில் நிற்கிறீர்கள் மாமா என்று கேட்டேன். 4,851-ஆவது வரி, 1, 2, 3, 9, 20, 34 என்றார். அது சரியா என்று எப்படிப் பார்ப்பது? நம்மூர் சுவீப் லொத்தரில் இலக்கங்கள் வரிசையாக நிற்கும் சீட்டென்றால் ஓட்டோ மீட்டர் மாதிரி, அந்த எண்ணே அதன் இடத்தைச் சொல்லிவிடும். இங்கே ஒரு இலக்கம் திரும்ப வராது, முன்பின் மாறினாலும் அதே சீட்டுத்தான். மீட்டர் கணக்கு ஓடாது.

மகனின் மடிக்கணினியில் ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப்பாக ஆறு லூப் போட்டு, எல்லா வரியையும் ஒரு கோப்பில் எழுதப் பார்த்தேன். மின்விசிறி கத்தத் தொடங்கியது. கோப்பு வீங்கிக்கொண்டே போனது. அதற்குள் ஒரு வரியைத் தேடவே நேரம் போயிற்று. அன்றிரவு படுத்த பிறகுதான், பட்டியலே தேவையில்லை, எண்ணினால் போதும் என்று பட்டது.

பஸ்காலின் முக்கோணி ஞாபகம் இருக்கிறதா? பக்கத்துப் பக்கத்து எண்களைக் கூட்டி அடுத்த வரியை எழுதுவோமே; இத்தனையில் இத்தனையை எடுக்க எத்தனை வழி என்பது அதிலேயே இருக்கும். நீ ஒரு மூலையில் பூ வரைந்து அடி வாங்கினாயே, அதேதான். அப்பாவின் வரியைப் பார். 1, 2, 3 என்று தொடங்கும் வரிகள் மொத்தம் 15,180. அவையே முதலில் வருவதால் வேறெதையும் எண்ண வேண்டியதில்லை. நாலாவது இடத்தில் 4 இருந்தால், மீதி 45 இலக்கத்தில் இரண்டை எடுக்கும் வழிகள் 990. 5 இருந்தால் 946. பிறகு 903, 861, 820. ஆக, 9 வருவதற்கு முன்னே 4,520 வரி போய்விட்டது. பிறகு ஐந்தாவது இடத்தில் 10 முதல் 19 வரை 345 வரி. 20 வந்த பிறகு 21-இல் இருந்து 34 வரை 14 வரி. கூட்டு: 4,879.

திரும்பி வரவும் இதே கணக்குத்தான். 4,879 என்ற எண்ணைக் கொடுத்தால், பெரிய கட்டுகளாகக் கழித்துக்கொண்டே போய் ஆறு இலக்கத்தையும் மீட்டெடுக்கலாம். பைத்தன் என்ற கணினி மொழியில் சேர்மானத்தை எண்ணித் தருவதற்குக் கோம்ப் என்று ஆயத்தமாகவே ஒன்று இருக்கிறது. போகவும் திரும்பி வரவுமான இரண்டு கணக்கும் சேர்த்து இருபது வரிக்குள் முடிந்தது. ஒரு இடத்தில்தான் இடறினேன். கணினி பூச்சியத்தில் இருந்து எண்ணுகிறது, அப்பா ஒன்றில் இருந்து.

இதில் எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். வகுப்பில் சொன்னால் "ரீச்சர், இது சோதனைக்கு வருமா" என்பார்கள். இதே யோசனை மிகப் பழையது. பிங்கலரின் சமஸ்கிருத யாப்பு நூலில் லகு (குறுகிய அசை), குரு (நீண்ட அசை) என்ற அசைகளின் எல்லா அமைப்பையும் வரிசையாக அடுக்குவதைப் பிரஸ்தாரம் என்கிறார்கள். அமைப்பைக் கொடுத்தால் அது எத்தனையாவது வரி என்று காண்பது உத்திஷ்டம். வரி எண்ணைக் கொடுத்தால் அந்த அமைப்பை மீட்பது நஷ்டம். தொலைந்துபோன வரியை, முழுப் பட்டியலையும் திரும்ப எழுதாமலே கண்டுபிடிப்பது. 10-ஆம் நூற்றாண்டில் ஹலாயுதர் அதற்கு எழுதிய உரையில் மேரு பிரஸ்தாரம் என்று விளக்குவது நம்முடைய அதே முக்கோணிதான். பள்ளிக்கூடத்தில் இதை யாராவது நமக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? இருபத்தாறு வருடமாகச் சேர்மானம் படிப்பிக்கிறேன், இப்போதுதான் அது என் கைக்குள் வந்த மாதிரி இருக்கிறது.

ஆனால் கணக்குச் சரியானதும் நெஞ்சு திக்கென்றது. அப்பாவின் கொப்பியில் 4,851. என் கணக்கில் 4,879. இருபத்தெட்டு வரி காணோம். நீ சொன்னது சரிதானோ என்று இரண்டு இரவு நித்திரை இல்லை.

அடுத்த ஞாயிறு கேட்டேன். 2,400-ஆவது வரி என்ன மாமா? பக்கம் புரட்டும் சத்தம். "1, 2, 3, 6, 19, 45." அச்சொட்டாகச் சரி. 3,600? இருபத்தெட்டு வரி தள்ளி நின்றது. 3,000? அதே இருபத்தெட்டு. ஒவ்வொரு முறையும் நடுவில் வெட்டி வெட்டிக் கேட்டேன். மொத்தம் பன்னிரண்டு கேள்வி. 2,433-ஆவது வரி 1, 2, 3, 6, 20, 49 வரை ஒரு பிசகும் இல்லை. அடுத்த வரி 1, 2, 3, 6, 21, 22 என்று இருக்க வேண்டும். கொப்பியில் 1, 2, 3, 6, 22, 23. ஐந்தாம் இடத்தில் 21 வரும் 28 வரியும் ஒட்டுமொத்தமாக விடுபட்டிருந்தது. மற்ற இடத்தில் ஒரு வரி விடுபட்டோ கூடியோ இருந்தால் அது தொடரிலக்கத்தில் ஒட்டிக்கொண்டே வரும். கேட்ட இடமெல்லாம் அதே 28-தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

2,433 ஒரு பக்கத்தின் கடைசி வரி. திகதி மார்ச் 4. அடுத்த பக்கத்தில் மார்ச் 8. இடையில் என்ன என்று கேட்டேன். "பிள்ளை கொப்பியை எடுத்து அலுமாரிக்குள்ளை வைச்சவள். அவளுக்கு வேலைக் களைப்பு" என்றார். உன்னைக் குறை சொல்லிச் சொல்லவில்லை. திகதிக்குக் காரணம் கேட்டேன், காரணம் சொன்னார்.

குண்டூசி, இதை உனக்கு எழுதாமல் விடலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். கிட்டத்தட்ட ஐயாயிரம் வரியில் அந்த மனுசன் வரி தவறவிட்டது ஒரே இடத்தில், அதுவும் கொப்பி கையில் இல்லாத நாட்களுக்குப் பிறகு. இனி அதைப் பறிக்காதே. அடுப்பை அணைக்க மறக்கிறார் என்று நீ எழுதியிருந்தாயே, அதற்கு டொக்டரிடம் கட்டாயம் கூட்டிப் போ. என் கணக்கு அதற்குப் பதில் ஆகாது. ஆனால் போகும்போது கொப்பியையும் கொண்டு போ, டொக்டரும் பார்க்கட்டும்.

விடுபட்ட வரிகளை அந்தப் பக்கத்து ஓரத்தில் எழுதிவிடலாமே என்றேன். கோபம் வந்துவிட்டது. "பேரேட்டிலை இடையிலை சொருகக் கூடாது பிள்ளை!" தனிப்பக்கத்தில் 28 வரியையும் எழுதி, திருத்தம் என்று தலைப்பிட்டு, திகதி போட்டுக் கையொப்பம் வைத்து, அடுத்த நாளில் இருந்து சரியான தொடரிலக்கத்தில் தொடர்வாராம். அந்தப் பக்கத்துக்குச் சாட்சிக் கையொப்பம் வேண்டும் என்கிறார். நீதான் வைக்க வேண்டும்.

அங்கே வாங்கும் கொப்பியில் கோடு அகலம் என்றும், இங்கத்தைய சீ.ஆர். கொப்பிதான் வேண்டும் என்றும் கேட்டார். காலி வீதியில் மூன்று வாங்கி வைத்திருக்கிறேன். பெரிய கண்ணாடியின் தங்கை வெள்ளிக்கிழமை ரொறன்ரோ வருகிறாள், அவள் கையில் வரும். கூடவே ஒரு பக்கெட் மிக்சர், அது உனக்கு.

5,000-ஆவது வரி 1, 2, 3, 9, 24, 49. அவர் அங்கே வந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பக்கத்து வாங்குக்காரி