பாஸ்வேர்டு மறந்ததற்கு ஃபார்மட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் லேப்டாப்புக்குள் நுழைய முடியவில்லை என்று கேட்ட வாசகருக்கு, தங்கள் நாளிதழின் கேள்வி-பதில் பகுதியில் "கடையில் கொடுத்து ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. பத்து வருடத்துக்கு முன்பு இந்த யோசனையால் பெரிய கேடு வந்திருக்காது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் படங்களும் கணக்கு வழக்குகளும் கைக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு ஃபார்மட் செய்துகொள்ளலாம். இப்போது நிலைமை வேறு. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிரைவ் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. ஹோம் பதிப்பும் இதற்கு விலக்கல்ல. கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் ஒரு கோப்பும் திறக்காது. ஃபார்மட் செய்துவிட்டாலோ சாவி இருந்தும் பயனில்லை.

நுழைய முடியவில்லை என்று வருகிற புகார்களில் பல, பாஸ்வேர்டு மறந்த வகையே அல்ல. விரல் சரியாகத்தான் தட்டுகிறது, கீபோர்டு வேறு எழுத்தை அனுப்புகிறது. நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் மொழிக் குறி இருக்கும். தமிழ் 99 அல்லது வேறு தமிழ் கீபோர்டு அமைப்பைச் சேர்த்திருப்பவர்களுக்கு அங்கே ஆங்கிலக் குறிக்குப் பதில் தமிழ்க் குறி நிற்பதுண்டு. விண்டோஸ் பொத்தானையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மாறிவிடும். என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் உள்ளே நுழைந்த பிறகுதான் இயங்கத் தொடங்கும். ஆகவே நுழைவுத் திரையில் அவற்றின் மேல் பழி போட வேண்டாம்.

ஆங்கிலக் குறியே இருந்தாலும் அது எந்த ஆங்கிலம் என்று பார்க்க வேண்டும். பிரிட்டன் அமைப்பு தேர்வாகியிருந்தால் ஷிப்டுடன் 2-ஐ அழுத்தும்போது 'அட்' (@) குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் குறி விழும். பாஸ்வேர்டில் 'அட்' குறி வைக்காதவர்கள் குறைவு என்பதால் இது அடிக்கடி மாட்டும். தனி எண் பட்டை இல்லாத சில பழைய லேப்டாப்களில் நம் லாக் (Num Lock) விழுந்திருந்தால் யு, ஐ, ஓ எழுத்துகள் 4, 5, 6 ஆகவும் ஜே, கே, எல் எழுத்துகள் 1, 2, 3 ஆகவும் எம் பூஜ்யமாகவும் மாறும். எண் பட்டை உள்ள கீபோர்டில் இதற்கு நேர்மாறு: நம் லாக் அணைந்திருந்தால் பின் (PIN) எண்ணைத் தட்டினாலும் பெட்டியில் ஒரு புள்ளிகூட விழாது. தட்டியபின் பெட்டியின் ஓரத்தில் தெரியும் கண் படத்தை அழுத்திப் பிடித்தால் உண்மையில் என்ன விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஏதோ ஒரு பொத்தான் மட்டும் செத்திருந்தால் (டீ சிந்திய லேப்டாப்பில் இது சகஜம்), அதே மூலையில் உள்ள அணுகல்தன்மைப் படத்தைத் தொட்டுத் திரைக் கீபோர்டை வரவழைத்து மவுஸால் தட்டலாம்.

பின் எண்ணும் பாஸ்வேர்டும் ஒன்றல்ல என்பது பலருக்குத் தெரியாது. பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. அதைக் காப்பது மதர்போர்டிலோ பிராசஸருக்குள்ளோ இருக்கும் டி.பி.எம். என்னும் பாதுகாப்புப் பகுதி. மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு இணையம் வழியாக எல்லாக் கருவிகளுக்கும் பொது. ஆகவே பயோஸ் என்னும், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தபின் "பின் கிடைக்கவில்லை" என்று திரை சொன்னால் அலற வேண்டியதில்லை. பெட்டிக்குக் கீழே உள்ள நுழைவு விருப்பங்களைத் தொட்டு, சாவிப் படத்தைத் தேர்ந்து, பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்ப் புதுப் பின் வைத்துக்கொள்ளலாம். பின் மறந்தே போயிருந்தால் "பின்னை மறந்துவிட்டேன்" என்ற இணைப்பு உண்டு. ஆனால் அதற்கு இணையம் வேண்டும், வைஃபையை நுழைவுத் திரையின் மூலையிலேயே இணைத்துக்கொள்ளலாம். கண்டதையும் போட்டுப் பார்ப்பதால் மட்டும் பயன் இல்லை. 2022 அக்டோபருக்குப் பின் நிறுவிய விண்டோஸ் 11-இல் தவறான பாஸ்வேர்டை 10 முறை போட்டால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டையும் ஏற்காது, "இதுவும் இல்லையே" என்று தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

பாஸ்வேர்டே மறந்துவிட்டது என்றால், அது எந்த வகைக் கணக்கு என்பதைப் பிழைச் செய்தியே காட்டிக்கொடுக்கும். "மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைப் பயன்படுத்துகிறீர்களா" என்ற பொருளில் வந்தால் அது இணையக் கணக்கு. போனிலேயே மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கணினியை இணையத்தில் இணைத்தபின் புதியதைப் போட வேண்டும். இணையம் இல்லாத கணினி பழைய பாஸ்வேர்டைத்தான் கேட்கும். பதிவு செய்த போன் எண் கைவிட்டுப் போயிருந்தால்தான் சிரமம்: பாதுகாப்புத் தகவல்கள் அனைத்தையும் மாற்றக் கோரினால் 30 நாள் காத்திருக்க வேண்டும்.

லேப்டாப் விற்கும் கடைகளில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. வாங்குபவரிடம் மெயில் முகவரி கேட்க நேரமில்லாமல், கடையின் முகவரியையோ அப்போதே உருவாக்கிய ஏதோ ஒரு முகவரியையோ போட்டு விண்டோஸைத் தொடங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பின் எண் 1234. வாடிக்கையாளர் பின் போட்டு வருடக்கணக்கில் ஓட்டுவார், அந்தக் கணக்கின் பெயர்கூடத் தெரியாது. மீட்புச் சாவி போய்ச் சேர்ந்திருப்பதோ அந்தக் கணக்கில். புது லேப்டாப் வந்ததும் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியைத் திறந்து, அங்கே இருக்கும் மெயில் முகவரி நம்முடையதுதானா என்று பார்ப்பது, திரைக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட அவசரமான வேலை.

48 இலக்கச் சாவி கேட்கும் நீலத் திரை, பயோஸ் மாற்றம், மதர்போர்டு மாற்றம், செக்யூர் பூட் (Secure Boot) என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைத்தல் போன்றவற்றுக்குப் பின் வரும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து கருவிகள் பகுதியில் மீட்புச் சாவிகளைப் பார்க்கலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால், திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தோடு ஒத்துப்போவதை எடுக்க வேண்டும். பயோஸ் புதுப்பிக்கும் முன் குறியாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் இந்தத் திரையே வராது.

இணையம் சாராத உள்ளூர்க் கணக்கு என்றால், தவறான பாஸ்வேர்டுக்குப் பின் "பாஸ்வேர்டை மீட்டமை" என்ற இணைப்பு வந்து, முன்பு பதிந்த மூன்று பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்கும். பதில்களும் மறந்திருந்தால், அதே கணினியில் நிர்வாகி உரிமையுள்ள வேறொருவர் புதுப் பாஸ்வேர்டு வைக்கலாம். டிரைவ் பூட்டப்படாத கணினியில் கடைக்காரர்கள் கணினியைத் தொடக்கவல்ல பூட் பென்டிரைவ் போட்டுப் பாஸ்வேர்டை நீக்குவதும் உண்டு. இரண்டிலும் கோப்புகள் தப்பும். ஆனால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய பாஸ்வேர்டோடு பிணைந்தவை என்பதால் அவை போய்விடும். இதை வேலை தொடங்குமுன் கடைக்காரர் சொல்ல வேண்டும், பெரும்பாலும் சொல்வதில்லை.

உள்ளே நுழைந்தபின் டெஸ்க்டாப் வெறுமையாக, கோப்பு எதுவுமின்றி, "உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை" என்ற செய்தியோடு திறப்பது தனி ரகம். அது தற்காலிக புரொஃபைல், அதாவது நம்முடைய அமைப்புகளுக்குப் பதில் விண்டோஸ் தற்காலிகமாகத் திறக்கும் வெற்றுக் கணக்கு. திடீர் மின்தடையில் நம் அமைப்புகளை வைத்திருக்கும் என்.டி.யூசர் கோப்பு கெட்டாலோ, ஆன்டிவைரஸ் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ இப்படி ஆகும். கோப்புகள் எங்கும் போய்விடவில்லை, சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பழைய பெயரிலேயே இருக்கின்றன. முதலில் இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம். சரியாகாவிட்டால் கோப்புகளை பென்டிரைவுக்கு நகலெடுத்துவிட்டு, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட் பகுதியைப் பார்க்க வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு பதிவுகள், ஒன்றின் வாலில் 'பேக்' (.bak) என்று இருக்கும். வால் இல்லாததற்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, மற்றதிலிருந்து வாலை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் பழைய டெஸ்க்டாப் திரும்பும். அதுவரை அந்த வெற்று டெஸ்க்டாப்பில் எதையும் சேமிக்காதீர்கள். சைன் அவுட் செய்த கணத்தில் அது அழிந்துவிடும்.

— கணினி சர்வீஸ் தொழிலில் உள்ள வாசகர், திருச்சி