முறைகேடாகக் கைப்பற்றப்படும் சான்றுகள்: ஒன்றிய சட்ட அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். காவல்துறை ஓரிடத்தைச் சோதனையிட்டுப் பொருள்களைக் கைப்பற்றும்போது, பட்டியல் எழுதுவதும் சாட்சிகள் அதில் கையொப்பமிடுவதும் உட்பட அனைத்தையும் ஒலி, ஒளிப்பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அனுப்ப வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு கூறுகிறது. நல்ல பிரிவு. ஆனால் பதிவே செய்யாமல் எழுதப்பட்ட மகஜரை, அதாவது கைப்பற்றியதற்கான எழுத்துப் பதிவை, நீதிமன்றம் எப்படிக் கருத வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

வருமான வரிச் சோதனை தொடர்பான பூரண்மல் வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம், சான்று வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே கேள்வி, அது சட்டவிரோதச் சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை என்றது. அதற்குத் துணை நின்ற 1954ஆம் ஆண்டின் எம்.பி. சர்மா தீர்ப்பு, சோதனைக்கு எதிரான அந்தரங்க உரிமையை நம் அரசியல் சாசனம் ஏற்கவில்லை என்று கருதியது. அக்கருத்தை 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக நிராகரித்தார்கள். இதற்குப் பின்னும் பழைய விதியையே தொடர்வது நியாயமாகாது.

போதைப்பொருள் வழக்குகளில் மட்டும் ஓரளவு காப்பு உண்டு. உடல் சோதனைக்கு முன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையைக் கோரும் உரிமையைச் சொல்லாமல் கைப்பற்றிய பொருளைக் கொண்டு தண்டிக்க இயலாது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் கையில் இருக்கும் பைக்கு அந்தக் காப்பு இல்லை என்று 2005இல் பவன்குமார் வழக்கில் முடிவானது. அமெரிக்காவில் நிலை வேறு: பறிமுதல் செய்த காரில் உள்ள பொருள்களைக் காவலர்கள் பட்டியலிடலாம். ஆயினும் மூடிய பெட்டிகளைத் திறப்பது பற்றிய நெறிமுறை எதுவுமின்றி, பூட்டிய சூட்கேஸைத் திறந்து எடுத்த கஞ்சாவை 1990இல் ஃபுளோரிடா எதிர் வெல்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சான்றாக ஏற்கவில்லை.

எல்லாவற்றையும் தள்ளுபடி செய்யும் விதியை நான் கேட்கவில்லை. நம் சட்ட ஆணையமே 1983இல் தனது 94ஆம் அறிக்கையில், முறைகேட்டின் தன்மை, மனித மாண்புக்கு நேர்ந்த மீறல், குற்றத்தின் கடுமை, அவசரச் சூழல் ஆகியவற்றை எடைபோட்டு, நீதி நிர்வாகத்துக்கு இழுக்கு சேர்க்கும் சான்றை மறுக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. 2023இல் சாட்சியச் சட்டத்தையே மாற்றி எழுதியபோதும் அப்பரிந்துரை இடம்பெறாதது பெரும் வருத்தம். அந்த அதிகாரத்தைத் தரும் ஒரு பிரிவைப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் சேர்க்கவும், ஒளிப்பதிவு இல்லாத கைப்பற்றலுக்குக் காரணம் காட்டும் பொறுப்பை 105ஆம் பிரிவிலேயே அரசுத் தரப்பின் மீது சுமத்தவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்