எடையை மட்டும் எழுதி வைத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகனுக்கு அவனுடைய பழைய கிட்டாரைத் தபாலில் அனுப்ப இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். பெட்டியோடு சேர்த்தே எடை நாலரை கிலோதான். சுவரில் ஒட்டியிருந்த தாளில் ‘அதிகபட்ச எடை 20 கிலோ’ என்று மட்டும் இருந்தது.

முதல் நாள், "நீளம் 110 சென்டிமீட்டர் இருக்கிறது, அந்த நாட்டுக்கு 105தான்" என்றார்கள். சரி என்று வீட்டுக்கு வந்து, அட்டையை அறுத்து, முனையில் திணித்திருந்த காகிதத்தைக் குறைத்து, 104க்குக் கொண்டு வந்தேன். மறுநாள் கவுண்டரில் இருந்த அம்மா டேப்பைப் பெட்டியின் நடுவில் சுற்றிப் பிடித்தார். நீளமும் சுற்றளவும் சேர்ந்து 200க்குள் இருக்க வேண்டுமாம். அகலம் 45, உயரம் 15, ஆக சுற்றளவு 120. நீளத்தைச் சேர்த்தால் 224! முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். இப்படி ஒரு கூட்டல் இருக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அங்கேயே போட்டுப் பார்த்திருப்பேன்.

விதி மேல் எனக்குக் கோபமில்லை. பார்சல் பைக்குள் போக வேண்டும், பிரிக்கும் இயந்திரத்தில் சிக்காமல் நகர வேண்டும், ஒரு ஆள் தூக்க வேண்டும். 1880இல் பாரிஸில் நாடுகள் கூடி முதல் பார்சல் ஒப்பந்தம் போட்டபோது எல்லை வெறும் 3 கிலோ. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருப்பதே பெரிய விஷயம். ஆனால் அளவு எல்லா நாட்டுக்கும் ஒன்றல்ல. நீளம் ஒன்றரை மீட்டர், நீளமும் சுற்றளவும் சேர்த்து 3 மீட்டர் வரை ஏற்கும் நாடுகளும் உண்டு. என் பெட்டி அங்கே என்றால் அறுக்காமலே போயிருக்கும்!

கூரியரில் கேட்டேன். அவர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். வருவது உண்மையான எடையைவிட அதிகமென்றால், அதையே கிலோ கணக்கில் எடையாக எடுத்துக்கொள்கிறார்கள். நாலரை கிலோ பெட்டிக்கு 14 கிலோவின் கட்டணம். பெரிதாகவும் லேசாகவும் இருக்கும் பொருளை அனுப்புகிறவர்களுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை, அளவுதான் எல்லாம்.

அதனால் தபால் துறையிடம் கேட்பது இதுதான். எடைக்குப் பக்கத்திலேயே நீள எல்லையையும், நீளமும் சுற்றளவும் சேர்ந்த எல்லையையும் எழுதுங்கள். சுற்றளவை எங்கே எடுப்பது என்று ஒரு பெட்டிப் படம் வரைந்து, நடுவில் டேப் சுற்றியிருப்பதைக் காட்டுங்கள். நாட்டுவாரியான பட்டியலும் கவுண்டரிலேயே தொங்கட்டும். வரிசையில் நிற்பதற்கு முன்பே அளந்துகொள்ள ஒரு டேப்பையும் கட்டி வைத்தால், என்னைப் போல யாரும் இரண்டாம் முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்