புகை அளக்கும் கருவி சாலையோரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தினமும் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிக்னலைக் கடக்கிறேன். நிற்கும் வண்டிகளின் புகைக்குழாய் எனக்கு முழங்கால் உயரம். அவளுக்குக் கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே. பச்சை விழுந்து வண்டிகள் உறுமும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

அந்தப் புகையில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற நச்சு வாயுவை விண்வெளியிலிருந்தே அளக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி, பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் நீலமும் ஊதாவும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிறது. இந்த வாயு அவற்றை விழுங்கும். 2020 ஊரடங்கில் பல நகரங்களின் மேல் அந்த வாயு குறைந்ததை இந்தக் கருவி படமாகக் காட்டியது.

சரி, ஆனால் அது தரும் படத்தில் ஒரு புள்ளியே சுமார் 5.5 கிலோமீட்டருக்கு 3.5 கிலோமீட்டர். கடந்து போவதோ பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில். காலை நெரிசல் அதற்குத் தெரியாது. மேகம் மூடினால் ஒன்றுமே தெரியாது. கிழக்காசியாவுக்கு ஜெம்ஸ், வட அமெரிக்காவுக்கு டெம்போ என்று பகலில் மணிக்கொரு முறை பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. அவையும் தெருவைத் தனியாகக் காட்டாது.

இந்த வாயுவுக்குப் பரிந்துரைக்கும் ஆண்டுச் சராசரி வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2021இல் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது. பள்ளிகளுக்கு அருகிலுள்ள சந்திப்புகளில், குழந்தையின் மூக்கு உயரத்தில் அளவுக் கருவி வையுங்கள். எண்களை அங்கேயே பலகையில் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்